களவு போன கார் ஸ்டீரியோவும் காப்பீட்டுப் பணமும்



ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்தில் படிவங்கள் நிரப்பிக் கொடுத்து வருகிறோம். முதியோர் உதவித்தொகை, மாணவர்களின் கல்வி உதவித்தொகை, பாஸ்போர்ட் என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லா இளைஞர் ஒருவர் கார் இன்சூரன்ஸ் படிவத்தோடு வந்தார். ரெடிமேட் துணிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டு வருபவர். உறவினர் வீட்டு வலீமாவுக்குப் போனவர் மண்டபத்தின் பக்கத்துத் தெருவில் காரை நிறுத்தியிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பின்பக்கச் சிறு கண்ணாடி உடைந்து கிடக்கிறது. டேஷ்போர்டில் இருந்த தொடுதிரை ஸ்டீரியோவைக் காணவில்லை. சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டம் பிளந்து, ஒயர்கள் அறுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன.

"மாமா, நீங்க எழுதினா தப்பில்லாம இருக்கும்" என்று படிவத்தை நீட்டினார். கூடவே ஒரு கடையின் பில்லும் இருந்தது. அதில் 38,000 ரூபாய் போட்டிருந்தது. "எவ்வளவுக்கு வாங்கினீங்க தம்பி?" என்று கேட்டேன். "16,500. கடைக்காரர்தான் பழைய தேதி போட்டு இப்படிக் கொடுத்தார். இன்சூரன்ஸ்காரங்க எப்படியும் பாதிதான் கொடுப்பாங்களாம். பெரிசாப் போட்டாத்தான் நம்ம காசு நமக்கு வருமாம்" என்றார். அவர் முகத்தில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. ஊரில் எல்லோரும் சொல்வதை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் பேனாவை மூடி வைத்தேன். "முதல்ல பாலிசியைக் கொண்டு வாங்க, படிச்சுப் பார்ப்போம்" என்றேன். படித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்ட விஷயங்கள் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

எந்தப் பாலிசி? எந்த ஸ்டீரியோ?

கார் காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். மற்றொன்று நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்குமான காப்பீடு. இது நம் விருப்பம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு ஸ்டீரியோ களவு போனாலும், காரே களவு போனாலும் ஒரு ரூபாய்கூட வராது. பாலிசித் தாளில் எது இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

இரண்டும் சேர்ந்த பாலிசி இருந்தாலும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு. ஸ்டீரியோ காரோடு வந்ததா, பிறகு நாம் வாங்கி மாட்டியதா?

கார் கம்பெனியே பொருத்தி, காரின் விலையில் சேர்த்து விற்ற ஸ்டீரியோ என்றால் அது காரின் ஒரு பகுதி. பாலிசியில் ஐ.டி.வி. என்று குறிப்பிடும் மதிப்பிலேயே அதுவும் அடங்கும். களவு போனால் தனியாக அறிவித்திருக்கவில்லையே என்று பயப்படத் தேவையில்லை.

வெளிக்கடையில் வாங்கி மாட்டிய ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ஊஃபர், தொடுதிரை ஆகியவை அப்படியல்ல. இவற்றின் மதிப்பைத் தனியே அறிவித்து, தனி பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். பாலிசியின் முதல் பக்கத்தில் காரின் மதிப்பை அடுத்து 'மின், மின்னணுத் துணைக்கருவிகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தொகை இருந்தால் பாதுகாப்பு உண்டு. சைபர் என்று இருந்தால் இல்லை. பழைய மோட்டார் கட்டணப் பட்டியலில் இதற்கான பிரீமியம் பொருளின் மதிப்பில் 4 சதவீதம். இன்றும் பல கம்பெனிகள் ஏறக்குறைய அதே அளவில்தான் வாங்குகின்றன. 20,000 ரூபாய் ஸ்டீரியோவுக்கு ஆண்டுக்கு 800 ரூபாயும் வரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் இளைஞரின் பாலிசியில் அந்தக் கட்டத்தில் சைபர்தான் இருந்தது. அவர் 38,000க்கு பில் கொடுத்தாலும் சரி, 16,500க்குக் கொடுத்தாலும் சரி, ஸ்டீரியோவுக்கு எதுவும் கிடைக்கப் போவதில்லை. பொய் பில்லால் லாபம் எதுவும் இல்லை. பழி மட்டும் மிஞ்சியிருக்கும்.

இன்னும் சில குறிப்புகள். அறிவித்த பொருளுக்கும், அது காரில் பொருத்தப்பட்டிருக்கும்போது ஏற்படும் இழப்புக்குத்தான் பாதுகாப்பு. கழற்றி வீட்டில் வைத்திருந்தபோது காணாமல் போனால் இந்தப் பாலிசியில் கேட்க முடியாது. மின்கோளாறால் தானாகவே பழுதானாலும் பணம் கிடையாது. சீட்டில் வைத்துவிட்டுப் போன செல்போன், லேப்டாப், ரொக்கம் இவற்றுக்கும் கார் காப்பீட்டுக்கும் தொடர்பில்லை. இருசக்கர வாகனப் பாலிசியில், வண்டியும் சேர்ந்து களவு போனால்தான் துணைக்கருவிகளுக்குப் பணம் என்ற நிபந்தனை உண்டு. டாக்ஸி, வேன் ஓட்டும் சகோதரர்கள் தங்கள் பாலிசியில் துணைக்கருவித் திருட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வாடகை வாகனப் பாலிசிகளில் அந்த விலக்கு உண்டு.

களவு நடந்த அன்று

காரைப் பார்த்ததும் கை நடுங்கும். ஆனாலும் எதையும் தொடாமல் முதலில் படம் எடுங்கள். உடைந்த கண்ணாடி, அறுந்த ஒயர், வண்டி எண் தெரியும்படி முழுக் கார், நிறுத்தியிருந்த தெரு என்று எல்லாவற்றையும் எடுங்கள். மண்டபத்திலோ எதிர்க்கடையிலோ சி.சி.டி.வி. இருந்தால் பதிவை அழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பிறகு காவல் நிலையம். புகாரை எழுத்தில் கொடுங்கள். ஸ்டீரியோவின் கம்பெனி, மாடல், சீரியல் எண் மூன்றும் அதில் இருக்கட்டும். நம் தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவுடன் சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே. இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையைத்தான், அதாவது எஃப்.ஐ.ஆரைத்தான் கேட்கும். திருட்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவின் கீழ் வருகிறது. எஃப்.ஐ.ஆர். பதிந்தால் அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பதிய மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம்.

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்து, அவர்கள் தரும் கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிராக்டர் களவு வழக்கு ஒன்றில், காவல்துறையில் உடனே எஃப்.ஐ.ஆர். பதிந்திருக்கும்போது, கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காரணமாகக் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. என்றாலும் அந்தத் தீர்ப்பை நம்பித் தாமதிக்க வேண்டாம். இங்கே காவல் நிலையத்துக்குத் தாமதிக்காமல் போனதுதான் வாகன உரிமையாளரைக் காப்பாற்றியது என்பதைக் கவனியுங்கள்.

சர்வேயர் வந்து பார்க்கும் வரை எதையும் பழுது பார்க்கக் கூடாது. மழைக்காலமென்றால் உடைந்த கண்ணாடியின் இடத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடி வையுங்கள்.

கேட்பதா, வேண்டாமா?

இது பலரும் யோசிக்காமல் விடும் இடம். கட்டிய பணம்தானே, கேட்டுவிடுவோம் என்று நினைக்கிறோம். கேட்பதற்கும் ஒரு விலை உண்டு.

ஓர் ஆண்டு கிளெய்ம் எதுவும் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு சொந்தச் சேத பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். தொடர்ந்து செய்யாவிட்டால் அது 25, 35, 45, 50 என்று ஏறும். இதைத்தான் நோ கிளெய்ம் போனஸ் என்கிறார்கள். ஒரே ஒரு கிளெய்ம் செய்தாலும் அடுத்த புதுப்பித்தலில் அது சைபருக்கு இறங்கிவிடும். மறுபடியும் 20லிருந்து ஏற வேண்டும்.

நம் இளைஞரின் கணக்கை அன்றைக்கே தாளில் போட்டுப் பார்த்தோம். ஸ்டீரியோ கணக்கில் வராது. கண்ணாடி 3,500 ரூபாய். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. டேஷ்போர்டு பிளாஸ்டிக் 4,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள் என்பதால் 2,000 தான் வரும். கூலி 1,500. மொத்தம் 7,000. இதில் 1,500 சி.சி.க்கு உட்பட்ட கார்களுக்குக் கட்டாயமாகக் கழிக்கும் 1,000 ரூபாய் போக 6,000 கையில் வரும்.

மறுபக்கம் பாருங்கள். தள்ளுபடிக்கு முந்திய அவருடைய சொந்தச் சேத பிரீமியம் சுமார் 8,000 ரூபாய். கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த மூன்று புதுப்பித்தலில் 35, 45, 50 சதவீதம் தள்ளுபடி. செய்தால் 0, 20, 25. வித்தியாசம் 35, 25, 25. ரூபாயில் 2,800, 2,000, 2,000. ஆக மூன்று ஆண்டுகளில் 6,800 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் பிரீமியமும் சற்றுக் குறையும். அப்படியும் 6,000 வாங்குவதில் லாபம் எதுவும் இல்லை. நான்காம், ஐந்தாம் ஆண்டுகளிலும் வித்தியாசம் தொடரும்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தப் பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு, "இது தெரியாம ஒரு பொய்யும் சொல்லியிருப்பேனே மாமா" என்றார்.

கேட்பதே சரி என்று ஆகும் சந்தர்ப்பமும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு நன்கு பழக்கம். கண் சற்று மங்கியதிலிருந்து, பின்புறக் கேமராவுக்காகத் தொடுதிரை ஸ்டீரியோ மாட்டியிருந்தார். புதுக்காரில் 20,000 ரூபாய்க்கு மாட்டியவர் மறக்காமல் அறிவித்திருந்தார். ஆண்டுதோறும் காரைப் போலவே அதன் மதிப்பும் குறையும். இரண்டு ஆண்டு கடந்து மூன்றுக்குள் இருந்தால் 30 சதவீதம் கழியும் என்பதால், களவு நடந்த ஆண்டில் பாலிசியில் 14,000 என்று இருந்தது. அதோடு கண்ணாடி 3,000, பிளாஸ்டிக் 3,000க்குப் பாதி 1,500, கூலி 1,500. கட்டாயக் கழிவு 1,000 போக 19,000 ரூபாய் வந்தது. பழைய காரிலிருந்து மாற்றிக்கொண்டு வந்த 50 சதவீதத் தள்ளுபடியை அவர் இழந்தார். அவருடைய பிரீமியம் 6,000 என்பதால் ஐந்து ஆண்டுகளில் அந்த இழப்பு அதிகபட்சம் 7,500 ரூபாய். கணக்குப் பார்த்துத்தான் அவர் கேட்டார்.

சில பாலிசிகளில் அறிவித்த மதிப்பிலிருந்தும் மேற்கொண்டு தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானமே கழிக்காத கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால் பிளாஸ்டிக்குக்கும் முழுத்தொகை கிடைக்கும். போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பும் உண்டு. உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, இதேபோல் ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

வந்த பணத்தை எப்படிச் செலவழிப்பது?

காப்பீடு என்பது இழப்புக்கு முன் இருந்த நிலைக்கு நம்மைக் கொண்டுவருவதற்கானது. அதைவிட நல்ல நிலைக்குக் கொண்டுபோவதற்கு அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 14,000 மதிப்புள்ள பழைய ஸ்டீரியோ போனதற்கு 14,000 வரும். கடையில் இன்று 25,000க்கு விற்கும் புதிய மாடல் வேண்டுமென்றால் மேல்தொகை நம் பையிலிருந்துதான் போக வேண்டும்.

பழுது பார்த்துக் கொடுப்பதா, மாற்றுப் பொருள் தருவதா, ரொக்கமாகத் தருவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பாலிசி நிபந்தனைப்படி கம்பெனிக்கே உண்டு. ஆகவே கடைக்கு ஓடும் முன் சர்வேயரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு தொகை ஒப்புக்கொள்ளப்பட்டது? பில் காட்டினால்தான் தருவீர்களா? வேலை முடிந்தபின் மறுபடி காரைப் பார்க்க வேண்டுமா? இதைக் கேட்காமல் பெரிய செட் வாங்கிவிட்டு, தொகை குறைந்ததும் கடன் வாங்கியவர்கள் உண்டு.

ஆசிரியர் செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. 19,000 ரூபாயில் முதலில் கண்ணாடி, பிளாஸ்டிக், கூலிக்கு 7,500 ரூபாயை எடுத்து வைத்தார். கார் பூட்டி நிற்க வேண்டும், மழை உள்ளே வரக் கூடாது, அறுந்த ஒயர் எங்கும் உரசக் கூடாது என்பதற்கு முதலிடம். மிச்சம் 11,500. கேமரா தெரியும் எளிய ஸ்டீரியோ ஒன்று 13,500க்குக் கிடைத்தது. கையிலிருந்து 2,000 போட்டார். ஊஃபர் இல்லை. "குர்ஆன் கேட்கவும் ரிவர்ஸ் எடுக்கவும் இது போதும்" என்றார்.

கடையில் கவனிக்க வேண்டியவை:

காரின் டேஷ்போர்டு இடத்துக்கு ஏற்ற அளவா என்று பாருங்கள். சிங்கிள் டின் என்பது சுமார் 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். டபுள் டின் அதே அகலத்தில் உயரம் இரட்டிப்பு.

அறுந்த ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி முடிக்க விடாதீர்கள். உங்கள் கார் மாடலுக்கென்றே கப்ளர் கிடைக்கும். அதை வைத்து இணைக்கச் சொல்லுங்கள். டேப் வெயிலில் இளகி, ஒயர்கள் உரசித் தீப்பிடித்தால் ஸ்டீரியோவோடு போகாது.

ஆம்ப்ளிஃபயர் மாட்டினால் பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. எண்ணோடு, சீரியல் எண் எழுதிய பில் வாங்குங்கள். பில்லையும் பொருத்திய ஸ்டீரியோவையும் செல்போனில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் செட்டைத் தொடாதீர்கள். அது இன்னொருவரின் காரிலிருந்து அறுத்து எடுத்ததாக இருக்கலாம். களவுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது நியாய சன்ஹிதா 317ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். களவு கொடுத்து வயிறு எரிந்தவர், அதே களவைத் தன் காசு கொடுத்து வளர்க்கலாமா?

கடைசியாக ஒன்று. மாட்டிய அன்றே கம்பெனிக்கு எழுதி, புதிய ஸ்டீரியோவின் மதிப்பைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய ஸ்டீரியோவுக்கு அறிவித்தது புதியதற்கும் தானாகப் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம்.

களவுப் பொருள் திரும்பக் கிடைத்தால்

ஆசிரியருக்கு இதுவும் நேர்ந்தது. பணம் வாங்கி சில மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. பிடிபட்ட ஒருவனிடமிருந்த பொருட்களில் இவருடைய ஸ்டீரியோவும் இருந்தது. சீரியல் எண் ஒத்துப்போயிற்று. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மகனின் காரில் மாட்டலாம் என்று பேச்சு வந்தது.

அவர் சம்மதிக்கவில்லை. அதற்குரிய பணத்தைக் கம்பெனி கொடுத்துவிட்டது. பொருளும் என்னிடம், பணமும் என்னிடம் என்றால் எப்படி என்று கேட்டார். கம்பெனிக்கு எழுதித் தெரிவித்தார். நீதிமன்றத்தில் கையெழுத்திட்டுப் பொருளைப் பெற்று, அவர்கள் சொன்னபடி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். சட்டப்படியும் அதுதான் சரி. இழப்பீடு கொடுத்த பிறகு, அந்தப் பொருளின் மீதுள்ள உரிமை கொடுத்த அளவுக்குக் கம்பெனியைச் சேரும். மறைத்து வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி.

பெரிய பில் கேட்பது ஏன் தவறு?

"எல்லோரும் செய்கிறார்கள், கம்பெனி என்ன ஏழையா?" என்று கேட்கிறார்கள். காப்பீட்டுப் பணம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. பலர் கட்டும் பிரீமியத்திலிருந்து வருகிறது. ஒருவர் கூட்டி வாங்கும் தொகை, அடுத்த ஆண்டு எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறும். அதில் காரை ஓட்டித்தான் வயிறு கழுவும் ஓட்டுநரும் இருக்கிறார்.

சட்டமும் சும்மா இருக்காது. பொய்யான தகவல் என்று தெரிந்தால் கண்ணாடிக்கு வர வேண்டிய நியாயமான தொகையும் சேர்த்து மறுக்கப்படலாம். ஏமாற்றிப் பணம் பெறுவது நியாய சன்ஹிதா 318ஆவது பிரிவின் கீழ் குற்றம். சர்வேயர் சீரியல் எண்ணையும் ஜி.எஸ்.டி. பில்லையும் ஒப்பிட்டால் பழைய தேதி பில் பிடிபட அதிக நேரம் ஆகாது. பில் கொடுத்த கடைக்காரர் அப்போது நமக்காக வந்து நிற்க மாட்டார்.

மார்க்கக் கேள்வி

இந்தப் பணத்தை வாங்குவது ஹலாலா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆலிம்களிடம் கேட்டு அறிந்ததைச் சொல்கிறேன். நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மை கலந்திருப்பதால் அது கூடாது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையே சரி என்று ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1985இல் முடிவு செய்தது. நம் நாட்டில் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம் என்பதால் அதில் நமக்கு வேறு வழியில்லை. மற்றதில் நம் நாட்டு ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தேவை கருதி அனுமதிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிய பிரீமியத் தொகை வரை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் வந்ததை நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கருத்தைப் பின்பற்றுபவர்கள் எத்தனை ஆண்டில் எவ்வளவு கட்டினோம் என்ற ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் பாலிசியைக் காட்டிக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். மேல்தொகையை நம் அறக்கட்டளைக்கே தர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. பக்கத்து வீட்டு ஏழையிடம் கொடுத்தாலும் போதும்.

இரு தரப்பு ஆலிம்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். பொய் சொல்லி வாங்கிய தொகை யாருக்கும் ஹலால் ஆகாது.

கம்பெனி நியாயமின்றி மறுத்தால்

உண்மையாகக் கேட்டவர் அஞ்ச வேண்டியதில்லை. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவர் அளிக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் புகார் பதியலாம். பாலிசி, எஃப்.ஐ.ஆர். நகல், படங்கள், பில் இவை நான்கும் கையில் இருந்தால் எழுதிக் கொடுக்க நம் அலுவலகம் உதவும், இன்ஷா அல்லாஹ்.

நம் இளைஞரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கிளெய்ம் செய்யவில்லை. கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் தன் காசில் மாற்றினார். மூன்று மாதம் ஸ்டீரியோ இல்லாமலே ஊர் ஊராகப் போய் வந்தார். சென்ற ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் என்னை நிறுத்தி, ஒரு தாளைக் காட்டினார். 11,000 ரூபாய்க்கு வாங்கிய புதிய ஸ்டீரியோவின் பில். அதன் பின்னால், அதே தொகை அறிவிக்கப்பட்டிருந்த பாலிசிச் சேர்க்கைத் தாள். இரண்டிலும் ஒரே எண் இருந்தது.

உங்கள் பாலிசியிலும் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். சைபர் இருந்து, காரில் வெளியே வாங்கிய ஸ்டீரியோவும் இருந்தால், அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் பில்லோடு ஞாயிறு அஸருக்குப் பின் வாருங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்